காரிஸ் வார்டின் இருட்டுச் சந்து

மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் வேல்ஸுக்குப் போனேன். மற்றவர்கள் அங்கே கோட்டை பார்க்கவும் கடல் பார்க்கவும் போவார்களாம். என் பெட்டியில் சீரக சம்பா அரிசியும், ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பும், எதற்கும் இருக்கட்டும் என்று வேலூரில் வாங்கிய ஒரு பொன்னாடையும் இருந்தன. திரும்பும்போது ஜெபா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் திட்டம்.

என் பெயர் சாந்தி. ஆம்பூரை ஒட்டிய ஒரு நகராட்சியில் வார்டு கவுன்சிலர். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. அதற்கு முன்பு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் இப்போதும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் ஜெபா. நர்சிங் படித்துவிட்டு, வேல்ஸின் தெற்குப் பகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள்.

அவளுக்கு நடந்தது இதுதான். மாலை டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால், வீடுகளின் பின்பக்கமாக ஒரு சந்து வழியாக நடந்து வர வேண்டும். அந்தச் சந்தில் குடியிருக்கும் டெரெக் என்ற ஆள் சில நாட்கள் அவள் பின்னாலேயே போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதை ஊர்க்காரர்களின் பேஸ்புக் பக்கத்தில் போட்டு, "நம் வீடுகள் யாருக்குப் போகின்றன பாருங்கள்" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே ஊரார் எழுதியதை எல்லாம் இவள் உட்கார்ந்து படித்திருக்கிறாள். போலீஸ் வந்து அவனை ஒரு முறை எச்சரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு டாக்ஸி, டியூட்டி, வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. ஒரு நாள் போனில், "மா, நான் வந்துட்டா நம்ம ஊர்ல இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் பதில் சொல்லிவிட்டார். "ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான். இந்த பேஜாரே வேணாம். சாந்தி, நீ போய்க் கையோட கூட்டினு வந்துரு. வேலூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா?"

முதல் நாளே ரயில் பாதியில் நின்றுவிட்டது. இதற்கு மேல் பஸ்தான் என்றார்கள். எங்கள் பக்கமாக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசைக்குப் பயந்து நான் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். அது வேறு மலைக்குப் போகிற பஸ்.

போகும் வழியெல்லாம் ரோட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் ARAF என்று எழுதியிருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் அதே பெயர். எங்கள் ஊரில் அராஃபத்தும் ஆரிஃபும் தெருவுக்கு நாலு பேர் உண்டு. யாரோ நம்மவர் ஒருவர் தேர்தலில் நிற்கிறார், சுவர் கிடைக்காமல் ரோட்டிலேயே பெயர் எழுதிவிட்டார் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். 'மெதுவாகப் போ' என்பதற்கு வெல்ஷ் மொழியில் அதுதான் வார்த்தை என்று ஜெபா பிறகு சொன்னபோது, அந்த வேட்பாளர் இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பின் சீட்டில் இரண்டு வயதான பெண்கள் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு ஃபேக்டரி இங்கிலீஷ் தெரியும். மெதுவாகப் பேசினால் புரியும். "பாவம், அந்தக் கோட்டு இந்தக் குளிருக்குப் போதாது." "கோட்டை விடு. காலைப் பாரு. செருப்பு." ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர்க்காரி, காலணிக்காகப் பரிதாபப்படும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்ததும் நான் விழிப்பதைப் பார்த்து, அவர்களில் ஒருவர் என்னோடு இறங்கினார். அது அவருடைய நிறுத்தம் இல்லை. மழையில் என்னோடு நின்று, சரியான பஸ் வந்ததும் டிரைவரிடம் இறங்க வேண்டிய இடத்தை இரண்டு முறை சொல்லி, என்னை ஏற்றிவிட்டுத்தான் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் பகலில் ஜெபா அந்தச் சந்தைக் காட்டினாள். இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர், குப்பைத் தொட்டிகள், நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அந்த விளக்கும் எரிவதில்லை. அதற்கு நேர் எதிரேதான் டெரெக் வீட்டுப் பின்கேட். ஒரு பஸ் நீளத்தைப்போல ஐந்தாறு மடங்குதான் இருக்கும் மொத்தச் சந்தும். அந்த ஊர்ப் பேச்சில் சந்துக்கு 'கல்லி' என்றே சொல்கிறார்கள். எங்கள் பாய்மார்கள் வீட்டிலும் அதே சொல்தான். பழகிய பெயராக இருந்ததால் எனக்கு அதன் மேல் கோபம் ஜாஸ்தியானது.

"இந்த வார்டு கவுன்சிலர் யாருடி?" என்று கேட்டேன்.

"காரிஸ்னு ஒரு லேடி. மா, நீ ஒண்ணும் பண்ணாத. இங்க மெயில் போடணும். போட்டா கம்ப்ளைன்ட் நம்பர் குடுப்பாங்க."

"நம்பர் எரியுமா, லைட் எரியுமா?"

அவள் சிரிக்கவில்லை. ஆள் இளைத்திருந்தாள். தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

எங்கள் ஊரில் கவுன்சிலரைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. விடிகாலையில் வீட்டுக்கே போக வேண்டும். ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால் ஆள் கிடைக்காது. தனியாகப் போகக் கூடாது. கூட்டம் இருந்தால்தான் மதிப்பு. வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழமாவது வேண்டும். என் வீட்டு வாசலில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே பத்துப் பெண்கள் நிற்பார்கள். ஒரு நாள் யாரும் வராவிட்டால், வார்டில் என் பெயர் கெட்டுவிட்டதோ என்று எனக்கே பயம் வந்துவிடும்.

ஆகவே சனிக்கிழமை, ஜெபா டியூட்டிக்குப் போனதும், அவளோடு தங்கியிருக்கும் கேரளப் பெண் லின்சியையும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரையும் எழுப்பிக் கிளப்பினேன். "ஆன்ட்டி, இது சரியாகுமோ?" என்று லின்சி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். சரியாகும் என்றேன். காரிஸின் வீடு இரண்டு தெரு தள்ளி. குளிர்காலம், இன்னும் வெளிச்சம் வரவில்லை. ஒரு கையில் பொன்னாடை, மறு கையில் எலுமிச்சம்பழம். நான்கு பேராக நின்று கதவைத் தட்டினோம்.

மாடியில் திரைச்சீலை கொஞ்சம் விலகி, உடனே மூடிக்கொண்டது. வெகு நேரம் யாரும் வரவில்லை. பிறகு கதவு சங்கிலியோடு ஒரு கையகலம் திறந்தது. வெள்ளைத் தலைமுடி, இரவு அங்கி, அறுபது வயது இருக்கும். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் போன், நம்பர் அழுத்தத் தயாராக.

"யார் நீங்கள்? என்ன வேண்டும்?"

லின்சி அவசர அவசரமாக விளக்கினாள். இந்த ஆன்ட்டி இந்தியாவில் கவுன்சிலர், மரியாதை செய்ய வந்திருக்கிறார், ஒரு விளக்கு எரியவில்லை. காரிஸ் பொன்னாடையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார். "விளக்குதானா?" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டு நர்ஸுகள் இந்த ஊருக்கு வந்தது நல்லதுதான் என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரோ கடிதப் பெட்டி வழியாக நாய் அசிங்கத்தை உள்ளே தள்ளினார்கள். மிரட்டி எழுதினார்கள். அன்றிலிருந்துதான் அந்தச் சங்கிலி. விடியும் முன் கதவுக்கு வெளியே நான்கு பேர் நிற்பதைப் பார்த்ததும், இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று நினைத்தாராம்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். என் வாசலில் கூட்டம் நின்றால் அது எனக்குப் பலம். இவர் வாசலில் கூட்டம் நின்றால் இவருக்கு உயிர் போகிறது. மரியாதை செய்யப் போனவள் ஒரு வயதான பெண்ணைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டேன். "சாரி மேடம், சாரி" என்று என் ஃபேக்டரி இங்கிலீஷில் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

"விடுங்கள். இத்தனை மாதத்தில் என் வாசலுக்கு வந்த ஒரே நல்ல கூட்டம் இதுதான்" என்றார். பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தார். பெரிய விலை என்றால் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று தயங்கினார். விலை கம்மிதான் என்று லின்சி சத்தியம் செய்த பிறகு, இரவு அங்கியின் மேல் அதைப் போர்த்திக்கொண்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். எலுமிச்சம்பழத்தை என்ன செய்வது என்று கேட்டார். டீயில் பிழிந்துகொள்ளுங்கள் என்றேன்.

அன்று காலையே நூலகத்துக்கு வரச் சொன்னார். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து மக்களைப் பார்ப்பாராம். போனேன். ஒருவர் குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேசினார். ஒரு பெண்மணி நிறுத்தப்பட்ட பஸ்ஸைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் ஒன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். மனைவி இறந்த பிறகு அவர் வாரா வாரம் வருகிறாராம். காரிஸ் யாரையும் அவசரப்படுத்தவில்லை. எங்கள் ஊரில் லைன்மேனுக்கு ஒரு போன் போட்டுக் கத்தினால் சாயங்காலம் பல்பு வந்துவிடும். இவரால் கத்த முடியாது. கம்ப்யூட்டரில் தட்டி, நம்பர் வாங்கி, மூன்று வாரம் ஆகும் என்று சொல்கிறார். "உங்களுக்கு என்னதான் பவர்?" என்று கேட்டே விட்டேன்.

"நச்சரிக்கும் பவர்" என்றார்.

மத்தியானம் அவரே கவுல் என்ற சூப்பு வாங்கிக் கொடுத்தார். ஆட்டுக்கறியும் கிழங்கும் வெங்காயத்தாள் போன்ற ஒரு தண்டும் போட்டுக் கொதிக்க வைத்தது. மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அறியாத பாயா என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குளிரில் அது வயிற்றுக்குள் இறங்கியதும் யாரோ முதுகைத் தடவிக் கொடுத்த மாதிரி இருந்தது. சூடான கல்லில் சுட்ட உலர்திராட்சை கேக் ஒன்றும் தந்தார்கள். அதை மட்டும் நான் இரண்டு கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போட்டேன். காரிஸ் சாப்பிட வந்தார். ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டினாலும், தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காயை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு அரசியல் பேசினோம். ஜெபா நடுவில் உட்கார்ந்து, அவர் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள். ஒரு கவுன்சிலருக்கு இன்னொரு கவுன்சிலர் கிடைத்தால் பேச்சு எங்கே நிற்கும்?

"இந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை" என்றார் காரிஸ். "சுரங்கம் போனது. அதற்குப் பிறகு வந்த ஃபேக்டரி போனது. பேங்க் மூடினார்கள், கிளப் மூடினார்கள், பஸ்ஸைக் குறைத்தார்கள். கோபம் வரத்தான் செய்யும். கோபம் சரி. அந்தக் கோபத்துக்கு யாரோ தப்பான வீட்டு விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்."

"போலீஸ் ஜாஸ்தி போட்டா சரியாகாதா?"

"போலீஸ் என் கையில் இல்லை. இருந்தாலும் நான் அப்படிக் கணக்குப் போடமாட்டேன். ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தால் அந்தத் தெரு பத்திரமாக இருக்கிறது. பின்னால் யார் வருகிறார்கள் என்று யோசித்தால், மூலைக்கு ஒரு போலீஸ் வண்டி நின்றாலும் பிரயோஜனம் இல்லை."

எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. சர்வீஸ் ரோட்டில் இருட்டும் நேரத்தில் பஸ்ஸை நிறுத்தினால், கடைசிப் பெண் தன் தெருவுக்குள் திரும்புகிற வரைக்கும் ஹெட்லைட்டை அணைக்கமாட்டார். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அசையமாட்டார். அதைச் சொன்னேன். "அவரை இங்கே அனுப்புங்கள். நான் ஓட்டுப் போடுகிறேன்" என்றார் காரிஸ்.

பிறகு ஜெபா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். குரல் மாறியது. "டெரெக்கை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தேர்தலிலும் என் நோட்டீஸை வீடு வீடாகப் போடுபவன் அவன்தான். இப்போதும் அவன் ஜன்னலில் என் போஸ்டர் இருக்கிறது. நான் மறைக்க விரும்பவில்லை. போலீஸிடம் மறுபடி போகலாம். அவனை உன் எதிரில் உட்கார வைத்துப் பேசலாம். இரண்டும் வேண்டாம் என்றாலும் சரி. உனக்கு என்ன வேண்டும்?"

நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் பையன் வீட்டுப் பெரியவர்களையும் பெண் வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்போம். மன்னிப்பு, சமாதானம், டீ, எல்லாம் ஆகிவிடும். அந்தப் பெண் சமையலறைக் கதவருகே நின்றுகொண்டிருப்பாள். காரிஸ் என் கையின் மேல் தன் கையை வைத்தார். "அவள் சொல்லட்டும்" என்றார்.

ஜெபா முதலில் இங்கிலீஷில் சொன்னாள், பிறகு எனக்காகத் தமிழில். "அவன் சாரி சொல்றது எனக்கு வேணாம்மா. அந்தக் கல்லியில நான் தனியா நடக்கணும். ஒரு தடவை. நடக்க முடிஞ்சா இங்கியே இருக்கேன். முடியலன்னா உங்கூட வந்துர்றேன்."

அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். முடியாது, பயந்துவிடுவாள், என்னோடு வந்துவிடுவாள் என்று பெற்ற மனம் கணக்குப் போட்டது. அடுத்த நொடியே, இவள் பயந்து ஓடிவர வேண்டும் என்று நானே ஆசைப்படுகிறேனே என்று உறைத்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

திங்கட்கிழமை காரிஸ் டெரெக் வீட்டுக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன். நானும் தேர்தலில் நின்றவள். எனக்குக் கணக்குத் தெரியும். தெரு முழுக்கச் சொந்தக்காரர்களை வைத்திருப்பவனைத் தேர்தல் நெருங்கும்போது யாராவது பகைத்துக்கொள்வார்களா? போன முறை அவர் ஜெயித்ததே மயிரிழையில் என்று லின்சி சொல்லியிருந்தாள். "முனையில் நில்லுங்கள். உள்ளே வர வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார். நான் குப்பைத் தொட்டிகளோடு நின்றேன்.

டெரெக்கை அன்றுதான் பார்த்தேன். பெரிய ராட்சசனை எதிர்பார்த்திருந்தேன். கம்பளிச் சட்டை போட்ட, முழங்கால் வலியோடு நடக்கிற ஒரு சாதாரண ஆள். காரிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே வா என்றார்.

"வரவில்லை டெரெக். என் போஸ்டரைத் திரும்ப வாங்க வந்தேன்."

டெரெக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அந்தப் பொண்ணுக்காகவா? உனக்காக நான் எத்தனை வருஷம் மழையில் நடந்திருக்கிறேன்?"

"நடந்தாய். அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ஒரு பெண்ணைப் பின்னாலேயே துரத்திப் படம் பிடிக்கிறவன் ஜன்னலில் என் முகம் இருக்கக் கூடாது. கொடு."

"இந்தத் தெருவில் ஒரு ஓட்டும் உனக்கு விழாது."

"சரி" என்றார் காரிஸ்.

டெரெக் ஜன்னலிலிருந்து அதைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார். முனைக்கு வந்ததும் காரிஸால் அந்தப் போஸ்டரைச் சுருட்ட முடியவில்லை. நான் வாங்கிச் சுருட்டிக் கொடுத்தேன். "தோத்துட்டா?" என்று கேட்டேன். "தோற்றால் சாயங்காலத்தில் டீவி பார்ப்பேன். வெகு நாள் ஆசை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளாக அரசியலில் இருக்கிறேன். என் மகளுக்காக ஒரு தெருவையே இழக்கத் துணிந்த ஒரு மனுஷியை இவ்வளவு தூரம் வந்துதான் பார்த்தேன். நடுரோட்டில் அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்குப் பழக்கமில்லை, மரம்போல நின்றார். பிறகு அவரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

விளக்குக்கு இன்னும் மூன்று வாரம். எனக்கோ திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. எங்கள் வார்டில் ரயில்வே கேட் பக்கம் இதே மாதிரி ஒரு கம்பம் கேபிள் போய்ச் செத்துக் கிடந்தபோது, வழியில் இருந்த வீட்டுக்காரர்களிடம் வாசலில் ஒரு பல்பு போட்டு வைக்கச் சொன்னோம். கம்பெனி பெண்கள் வரும் வரைக்கும் மட்டும் எரிந்தால் போதும். அதைச் சொன்னதும் காரிஸ் என்னையே பார்த்தார். "இதற்கு நம்பரே வாங்க வேண்டாமே" என்றார்.

அன்று மத்தியானமே சந்தில் பின்கேட் வைத்திருக்கும் வீடுகளின் கதவுகளைத் தட்டினோம். இந்த முறை பகலில், இரண்டே பேராக. ஒரு அம்மா கரண்ட் பில்லைச் சொல்லிச் சலித்துக்கொண்டார், ஆனால் சரி என்றார். நர்ஸுக்காக என்றதும் ஒரு முதியவர் உள்ளே போய், தன் அறுவை சிகிச்சைத் தழும்பைக் காட்டச் சட்டையைத் தூக்கிக்கொண்டே வந்தார். ஒரு பெண் எங்களைப் பேசவே விடவில்லை. "அந்த வீடியோவை நானும் பார்த்தேன். ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சிலர் கதவையே திறக்கவில்லை.

மறுநாள் ஜெபாவுக்குப் பகல் டியூட்டி. அங்கே குளிர்காலத்தில் சாயங்காலமே கும்மிருட்டாகிவிடும். டாக்ஸி வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். "நீ வெளிய வரக்கூடாது மா. லின்சியும் வரக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். செய்தேன். வெளியே வரமாட்டேன் என்றுதான் சத்தியம். சந்தைப் பார்த்த மாடி ஜன்னலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் வரும் நேரத்துக்கு வெகு முன்பே ஜன்னலில் நின்றுவிட்டேன். சந்து கறுப்பாகக் கிடந்தது. யாரும் போடமாட்டார்கள், நேற்று வாய்க்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது ஒரு சமையலறையில் விளக்கு வந்தது. பிறகு எதிரில் ஒன்று. அந்த முதியவர் பின்கேட்டையே திறந்து வைத்து, ஒரு டேபிள் லைட்டை வயரோடு இழுத்து வந்து சுவர்மேல் வைத்தார். கரண்ட் பில் அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் சீரியல் விளக்குகள் மினுங்கின. எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. டெரெக்கின் வீடும் அதையடுத்த இரண்டு வீடுகளும் மட்டும் இருட்டாகவே இருந்தன.

ஜெபா சந்துக்குள் வந்தாள். பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வெளிச்சம் முடிகிற இடத்தில், டெரெக்கின் கேட்டுக்குச் சற்று முன்னால் நின்றாள். உள்ளே நாய் குரைத்தது. இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்று என் கால் துடித்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கர்த்தாவே, அவள் திரும்பிப் போய்விடக் கூடாது என்று வேண்டினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்த நான்தான் அப்படி வேண்டினேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருட்டுக்குள் நடந்தாள். ஓடவில்லை. அடுத்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தபோது எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஜெபமோ பாட்டோ, எனக்குத் தெரியாது. முதியவர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் நின்று பதில் சொன்னாள். டேபிள் லைட்டைக் காட்டி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கீழே கதவு திறந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படிக்கு வந்து நின்றேன். "மா, ரசமா? சோத்தப் போடு" என்றாள் ஜெபா. உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் போடச் சொன்னாள். நான் அழுததைப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்து கையை எடுக்காமலே என் தோளில் சாய்ந்துகொண்டாள். காரிஸுக்கும், பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரர்களுக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மக்கன் பேடா கொடுத்து முடிப்பதற்குள் டப்பா காலியாகிவிட்டது என்பது மட்டும்தான் நான் செய்தது.

ஊரில் நடுநிசி தாண்டியிருக்கும். போனை எடுத்த வேகத்திலேயே, என் வீட்டுக்காரர் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"இன்னா சாந்தி, ரெண்டு பேரும் எப்ப வர்றீங்க?"

"நான் மட்டும்தாங்க வர்றேன். அவ வீட்டுக்கு வந்துட்டா. சாப்ட்டுனு இருக்கா."

அவர் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நடந்தா வந்தா?"

"நடந்துதான்."

"கூட யாரு?"

"யாரும் இல்லங்க" என்றேன். "தெருவே லைட்டப் போட்டு வச்சிருந்தாங்க."